போவதா, இருப்பதா: சிகாகோவின் தென்பகுதியும் ஒரு நகைச்சுவைப் படத்தின் மூன்றாம் பாகமும்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'பார்பர்ஷாப்: த நெக்ஸ்ட் கட்' ஒரு நகைச்சுவைப் படம், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு வரிசையின் மூன்றாம் பாகம். சிகாகோ நகரத்தின் தென்பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடை, அதன் முதலாளி கால்வின், அங்கே வேலை செய்பவர்கள், நாள் முழுவதும் ஓயாமல் நடக்கும் வாய்ச்சண்டை என்று, முதல் இரண்டு பாகங்களில் மக்கள் விரும்பிய அத்தனையும் இதிலும் உண்டு. ஆனால் கதையின் அடியில் ஓடுவது துப்பாக்கிச் சாவு. படம் வெளியான அந்த ஆண்டில் சிகாகோவில் கொலையானவர்கள் 760க்கும் அதிகம். முந்திய ஆண்டின் எண்ணிக்கையைவிட இது பாதிக்கும் மேல் கூடுதல். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்நகரம் காணாத அளவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள், அவர்களிலும் இளைஞர்கள்.

இப்படி ஒரு காலத்தில் இப்படி ஓர் ஊரை வைத்துச் சிரிப்புப் படம் எடுப்பது தகுமா என்ற கேள்வி யாருக்கும் எழும். தகும் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் படம் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையைக் காப்பாற்ற ஊரைவிட்டுப் போவதா, ஊரைக் காப்பாற்ற அங்கேயே இருப்பதா? இந்தக் கேள்வியின் கனம் படத்துக்குள் முழுமையாகத் தெரிவதில்லை. அந்தக் கடை நிற்கும் தெருவுக்கு நூறாண்டுகளாக என்ன நேர்ந்தது என்பதையும், முடிதிருத்தும் கடை அந்த மக்களுக்கு என்னவாக இருந்து வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு வேடிக்கைப் படத்துக்குள் எவ்வளவு பெரிய விவாதம் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் கடை. அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய காலத்தில் முடிதிருத்தும் தொழில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் கையில் இருந்தது. ஆனால் நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெள்ளையர்கள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் சிலர் இந்தத் தொழிலால் வசதி படைத்தவர்களாகவும் ஆனார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன், அட்லாண்டா நகரில் வெள்ளைச் செல்வந்தர்களுக்கென்று நடத்திய முடிதிருத்தகங்களில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1905இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அது கறுப்பினத்தவர் உடைமையாக இருந்த பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் இன ஒதுக்கல் சட்டங்கள் இறுகியபோது, கறுப்பின முடிதிருத்துநர்கள் தங்கள் மக்களுக்கே கடை வைக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் நாம் இந்தப் படங்களில் பார்க்கும் கடை உருவாகிறது.

அந்தக் கடைக்கு ஒரு தனி வலிமை இருந்தது. பள்ளி ஆசிரியரோ ஆலைத் தொழிலாளியோ கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான குடியுரிமைப் போராட்டத்தில் இறங்கினால் வேலை போகும். வேலை கொடுப்பவர் வெள்ளையர். முடிதிருத்துநருக்குக் கூலி கொடுப்பவர்களோ அவருடைய சொந்தத் தெருவின் மக்கள். ஆகவே அவர் பேசலாம், பிறரையும் பேசவிடலாம். ராபர்ட் அபட் 1905இல் சிகாகோவில் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' வார ஏட்டை, ரயில் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுசென்று சேர்த்தார்கள். எழுத்தறியாதவர்களுக்காக முடிதிருத்தும் கடைகளிலும் தேவாலயங்களிலும் அது உரக்க வாசிக்கப்பட்டது. வடக்கே வாருங்கள், வேலை இருக்கிறது என்று அந்த ஏடு எழுதியதைக் கேட்டு ரயிலேறியவர்களின் பேரர்கள்தாம் கால்வினின் கடைக்கு வருகிறவர்கள்.

டிம் ஸ்டோரி இயக்கி 2002இல் வெளியான முதல் பாகம் இந்தக் கடையை ஒரு மகனின் கையில் கொடுத்தது. ஐஸ் கியூப் நடித்த கால்வின், தந்தை விட்டுச்சென்ற கடையைச் சுமையாகக் கருதி, வட்டிக்காரர் ஒருவருக்கு 20,000 டாலருக்கு விற்றுவிடுகிறான். மாலைக்குள் தான் விற்றது என்ன என்று புரிந்து கலங்குகிறான். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே நாளில், ஒரே அறையில் நடக்கிறது. ஒன்றே கால் கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்ததைக் கண்டு ஹாலிவுட் வியந்தது. வியக்க வேண்டியதில்லை. தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வதை, சுத்தப்படுத்தாமல், விளக்கம் சொல்லாமல் திரையில் கேட்கும் வாய்ப்பு அந்த மக்களுக்கு அரிதாகவே கிடைத்திருந்தது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. செட்ரிக் த என்டர்டெய்னர் நடித்த எடி என்ற முதிய முடிதிருத்துநர், பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸைப் பற்றியும் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றியும் கடையில் துடுக்காகப் பேசுவார்; கடையே அவர்மேல் பாயும். இதற்காக ஜெஸ்ஸி ஜாக்சன், அல் ஷார்ப்டன் ஆகிய தலைவர்கள் அந்த வசனங்களை நீக்கச் சொல்லிக் கண்டித்தார்கள். செட்ரிக் தொகுத்து வழங்கிய 2003ஆம் ஆண்டு விருது விழாவை ரோசா பார்க்ஸ் புறக்கணித்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் எடியின் பேச்சுக்குள் ஓர் உண்மையும் இருந்தது. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், ரோசா பார்க்ஸ் கைதான அதே மாண்ட்கமரி நகரில் பதினைந்து வயதுச் சிறுமி கிளாடெட் கோல்வின் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். நீண்ட காலம் அவரைப் பேசுவாரில்லை. புனிதப்படுத்தப்பட்ட வரலாற்றை உள்ளிருந்தே கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் தவறாகப் பேசவும் உரிமை வேண்டும், உடனே மறுக்கவும் உரிமை வேண்டும். இந்த வரிசைப் படங்களின் நகைச்சுவை முழுவதும் இந்த இரண்டு உரிமைகளின்மேல் நிற்கிறது.

கெவின் ராட்னி சல்லிவன் இயக்கிய இரண்டாம் பாகம் 2004இல் வந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பெரிய சங்கிலிக் கடை முளைக்கிறது, நிலத்தை வளைக்கும் முதலீட்டாளர்கள் வருகிறார்கள், தெருவையே விலைபேசுகிறார்கள். முதல் பாகத்தில் கடை போகுமா என்பது கேள்வி. இதில் தெரு போகுமா என்பது கேள்வி. படம் முதல் பாகத்தைவிடச் சுமார்தான். என்றாலும் பகைவன் யார் என்பதைச் சரியாகவே காட்டியது.

மூன்றாம் பாகம் வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மால்கம் டி. லீ இயக்கினார், கென்யா பாரிஸும் டிரேசி ஆலிவரும் எழுதினார்கள். பொருளாதாரச் சரிவில் தனியே தாக்குப்பிடிக்க முடியாமல், கால்வின் தன் கடையின் ஒரு பாதியைப் பெண்களுக்கான அழகு நிலையமாக்கி, ரெஜினா ஹால் நடித்த ஏஞ்சியோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறான். பதின்ம வயது மகன் ஜேலன் மெல்ல மெல்லத் தெருக் கும்பலின் பக்கம் சாய்கிறான். எதிரெதிர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒரே நேரத்தில் கடைக்குள் நுழைகிறார்கள். கும்பல்களைக் கட்டுப்படுத்த அந்தப் பகுதித் தெருக்களை அடைத்துவிடும் யோசனை ஒன்று நகர மன்றத்தில் பேசப்படுகிறது. அது நடந்தால் வணிகம் செத்துவிடும். கால்வின் யாரிடமும் சொல்லாமல் நகரத்தின் வடபகுதிக்குக் கடையை மாற்ற இடம் பார்க்கிறான். இதற்கிடையே கடைக்காரர்கள் ஒரு முயற்சியில் இறங்குகிறார்கள்: 48 மணி நேரம் துப்பாக்கிகள் ஓய வேண்டும், அந்த நேரம் முழுவதும் கடை திறந்திருக்கும், முடிவெட்ட யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

வடபகுதி என்ற சொல் சிகாகோக்காரருக்கு உணர்த்துவதை வெளியிலிருப்பவர் எளிதில் உணர முடியாது. 1910இல் அந்நகரத்தில் இருந்த கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வந்த பெரும் குடிப்பெயர்வால் 1970இல் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களை நகரம் தென்பகுதியின் ஒரு குறுகிய பட்டைக்குள் அடைத்தது. 1919 ஜூலையில், மிச்சிகன் ஏரியில் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டி மிதந்துவந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுச் சிறுவன் கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அதன்பின் எல்லை பத்திரங்களில் எழுதப்பட்டது. கறுப்பினத்தவருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வீடுகள் கைமாறின. 1948இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளிக்கும்வரை அவை வெளிப்படையாகவே நிலவின.

தீர்ப்புக்குப் பின்னும் பணம் வழிவிடவில்லை. 1930களிலேயே கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தது. அங்கே வங்கிகள் கடன் தர மறுத்தன. வீடு வாங்க விரும்பியவர்களுக்குக் கிடைத்தது ஒப்பந்த முறை விற்பனை. உண்மை மதிப்பைவிட மிகக் கூடுதலான விலை, மாதத் தவணை, கடைசித் தவணை கட்டும்வரை வீடு வாங்குபவர் பெயரில் இல்லை, ஒரு தவணை தவறினாலும் கட்டியது அத்தனையும் போய்விடும். ஊரின் உழைப்பாளிக் குடும்பங்கள் இப்படி இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அது 1950களிலும் 60களிலும் தென்பகுதியிலிருந்தும் மேற்குப் பகுதியிலிருந்தும் பிடுங்கப்பட்ட பணம். பிள்ளைகளின் கல்லூரிக்கும் கடை வைக்கவும் போயிருக்க வேண்டிய பணம்.

அப்புறம் வேலைகள் போயின. இறைச்சித் தொழிலின் மையமாக இருந்த கால்நடைச் சந்தை 1971இல் மூடப்பட்டது. விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை 1980 மார்ச்சில் திடீரென்று கதவடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். ஒருகாலத்தில் சுமார் 20,000 பேருக்கு வேலை கொடுத்த யூ.எஸ். ஸ்டீலின் சவுத் ஒர்க்ஸ் ஆலை தேய்ந்து தேய்ந்து 1992இல் நின்றது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு ஆலைக்குள் போய், குடும்பம் நடத்தும் கூலி வாங்கலாம் என்றிருந்த வழி அடைபட்டது. நகரம் 1992இல் கண்ட கொலைகள் 900க்கு மேல். இந்த இரண்டு செய்திகளும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒரே தெருக்களில் வந்தன.

வீட்டுக்கு வருவோம். ஏழை மக்களுக்கென்று கட்டப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு 1962இல் முடிந்தது. பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாம் ஒரே வரிசையில், நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அருகே. பராமரிப்பு இல்லாமல் அழுகவிடப்பட்ட அந்தக் கட்டடங்களை, 2000இல் அறிவித்த மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் நகரம் இடித்துத் தள்ளியது. கடைசிக் கட்டடம் 2007இல் விழுந்தது. குடியிருந்தவர்கள் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் ஏற்கெனவே நலிந்திருந்த தெருக்களுக்குச் சிதறினார்கள். 2013இல் நகர நிர்வாகம் ஒரே மூச்சில் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகளை மூடியது. அவற்றில் படித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பினக் குழந்தைகள். பள்ளி மாறிய பிள்ளை நடக்க வேண்டிய வழி வேறொரு கும்பலின் தெருவாக இருக்கலாம் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் கூட்டமாகச் சென்று அவர்கள் அதைச் சொன்னார்கள். மூடுவது நிற்கவில்லை.

ஜேலனின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவன் கெட்ட பையன் இல்லை. தந்தை இருக்கிறார், தொழில் இருக்கிறது, வீட்டில் அன்பு இருக்கிறது. படம் இப்படிப்பட்ட ஒருவனைத் தேர்ந்தெடுத்தது முக்கியமானது. வீட்டில் சரியாக வளர்த்தால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் எளிதாகச் சொல்லும் தீர்ப்புக்கு அது மறுப்பு. தெருவில் தனியே நடக்கும் பையனுக்கு ஏதாவது ஒரு பக்கம் சேர்வது ஒருவகைப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இதைப் படம் நீட்டி விளக்கவில்லை. ஆனால் மகனின் முகத்தைப் பார்த்துக் கால்வின் தடுமாறும் காட்சிகளில் அது இருக்கிறது.

கும்பல் என்ற சொல்லும் மாறிவிட்டது. 1970களிலும் 80களிலும் சிகாகோவின் கும்பல்கள் தலைவர், படிநிலை, கட்டளை என்று அமைந்த பெரிய அமைப்புகள். 1990களில் கூட்டாட்சி அரசு அவற்றின் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியது; ஒருவர் சொன்னால் ஆயிரம் பேர் கேட்கும் ஏற்பாடு குலைந்தது. உயர்ந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டதும் எல்லைகள் கலைந்தன. மிஞ்சியவை ஒரு தெரு, இரண்டு தெரு அளவிலான சிறு குழுக்கள். இவற்றுக்கு இடையே நடப்பது பெரும்பாலும் போதைச் சந்தைக்கான போர் இல்லை. ஒரு அவமதிப்பு, சமூக ஊடகத்தில் ஒரு பாட்டு, செத்துப்போன நண்பனுக்கு ஒரு பழி. 2006 முதல் 2012 வரை சிகாகோவில் துப்பாக்கிக் காயம் பட்டு உயிர்பிழைத்தவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆண்ட்ரூ பப்பாக்ரிஸ்டோஸ் குழுவினர், அவர்களில் 70 விழுக்காட்டினர் நகர மக்கள்தொகையில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவான உறவு வலைக்குள் இருந்தார்கள் என்று கண்டார்கள். வன்முறை ஊர் முழுவதும் பரவிக் கிடக்கவில்லை; ஒருவரையொருவர் அறிந்த இளைஞர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிகளோ, கடுமையான சட்டங்கள் இருந்த அந்த நகரத்துக்கு, பக்கத்து இந்தியானா போன்ற வெளி மாநிலங்களிலிருந்து தாராளமாக வந்தன.

சட்டத்தை நாடலாமே என்று கேட்பவருக்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். 2014 அக்டோபரில் பதினேழு வயது லக்வான் மெக்டொனால்டைக் காவலர் ஒருவர் பதினாறு முறை சுட்டார். காட்சிப் பதிவு வெளிவர 2015 நவம்பர்வரை, நீதிமன்ற ஆணை வரும்வரை ஆயிற்று. அது வெளியானபின் காவல்துறைமேல் எஞ்சியிருந்த நம்பிக்கையும் தளர்ந்தது. 2016இல் நடந்த கொலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆண்டு முடியும்வரை யாரும் பிடிபடவில்லை. தண்டனை கிடைக்காத இடத்தில் பழி வளர்கிறது. பழி இன்னொரு கொலையாகிறது.

ஆகவே, படத்தில் வரும் 48 மணி நேரப் போர்நிறுத்தம் கதாசிரியர்களின் வெறும் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. ஆப்பிரிக்காவில் காசநோயையும் எய்ட்ஸையும் எதிர்த்துப் பணியாற்றித் திரும்பிய மருத்துவர் கேரி ஸ்லட்கின், வன்முறையும் தொற்றுநோயைப் போலவே ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்று கருதி, 2000இல் சிகாகோவின் மேற்குப் பகுதியில் 'சீஸ்ஃபயர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கும்பல்களில் இருந்து திருந்தியவர்கள், சிறை கண்டவர்கள், தெருவில் மதிப்புள்ளவர்கள் அதில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். சுடப்பட்டவனின் மருத்துவமனைப் படுக்கைக்கு அருகில் போய் உட்கார்ந்து, பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களை அந்த ஓர் இரவுக்கு மட்டும் தடுத்து நிறுத்துவது அவர்களுடைய வேலை. ஓர் இரவு கடந்தால் கோபம் தணியும், தணிந்தால் பேசலாம். தென்பகுதியின் புனித சபீனா தேவாலயத்தில் 2012இல் எதிரெதிர்க் கும்பல்களின் இளைஞர்களை ஒரே களத்தில் இறக்கிக் கூடைப்பந்துப் போட்டி நடத்தினார்கள். மேற்குப் பகுதியில் பிறந்து வளர்ந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஐசையா தாமஸ் அதில் துணைநின்றார். படத்திலும், அந்நகரத்தில் பிறந்த கூடைப்பந்து வீரர் ஆன்டனி டேவிஸ் கடைக்கு வந்து ஆதரவு தருகிறார். இவையெல்லாம் அந்த ஊர் தானே கண்டுபிடித்துக்கொண்ட வழிகள்.

போர்நிறுத்தம் முழு வெற்றி பெற்றதாகப் படம் காட்டவில்லை. அதற்கு நடுவிலேயே ஒரு மரணச் செய்தி கடைக்குள் வருகிறது. நகைச்சுவைப் படத்தில் இப்படியொரு செய்தியை வைப்பதற்குத் துணிவு வேண்டும்; வைத்தபின் மீண்டும் சிரிப்புக்குத் திரும்புவதற்கு இன்னும் துணிவு வேண்டும். சிலருக்கு அந்தத் திருப்பம் நெருடலாக இருந்திருக்கலாம். எனக்கு அது உண்மையாகத் தோன்றியது. இழவு விழுந்த தெருவிலும் மறுநாள் கடை திறக்கிறது; வந்தவர்கள் முதலில் அழுகிறார்கள், அப்புறம் யாரோ எதையோ சொல்லச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை மறதி என்று சொல்வது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநீதி.

இதே காலத்தில் இதே பொருளை ஸ்பைக் லீ 'ஷை-ராக்' என்ற படத்தில் எடுத்தார். 2015 டிசம்பரில் அது வெளியானது. பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தழுவி, கும்பல் சண்டை நிற்கும்வரை பெண்கள் ஆண்களிடமிருந்து விலகி நிற்பதாகக் கதை. சிகாகோவைப் போர்க்களமான ஈராக்கோடு இணைத்துச் சொல்லும் அந்தப் பெயருக்கே நகர மேயர் ராம் இமானுவேல் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தப் படம் மேலேயிருந்து அறைகூவல் விடுக்கிறது. கோபமும் கவிதையும் அதில் நிறைய உண்டு. 'பார்பர்ஷாப்' நாற்காலியின் உயரத்திலிருந்து பேசுகிறது. கலையாகப் பார்த்தால் ஸ்பைக் லீயின் படம் அதிகம் முயல்கிறது என்பதை ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தத் தெருக்களில் வாழும் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து, வீட்டுக்குப் போகும் வழியில் வாதாடக் கூடிய படம் மால்கம் டி. லீ எடுத்ததுதான்.

வாதாடுவதற்கு அதில் நிறையவே இருக்கிறது. கடையில் ஆண் பக்கமும் பெண் பக்கமும் ஒரே கூரையின்கீழ் வந்ததால், முந்திய பாகங்களில் ஆண்கள் தங்களுக்குள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போனவற்றுக்கு இப்போது உடனே பதில் வருகிறது. திருமணம், நம்பிக்கைத் துரோகம், கறுப்பினப் பெண்களைக் கறுப்பின ஆண்கள் நடத்தும் விதம், தலைமுடியைப் பற்றிய வெட்கமும் பெருமையும் எல்லாம் பேசப்படுகின்றன. உத்கர்ஷ் அம்புட்கர் நடித்த ராஜா என்ற இந்திய வம்சாவளி முடிதிருத்துநரும் கடையில் இருக்கிறார். இந்த நாட்டில் முயன்றால் முன்னேறலாம் என்ற குடியேறியவரின் நம்பிக்கையை அவர் முன்வைக்க, நூற்றாண்டுகளாக இங்கேயே இருந்து உழைத்தவர்களின் பிள்ளைகள் அதை எதிர்கொள்கிறார்கள். கடல்கடந்து போய் நிலைபெற்ற சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கும் இருக்கிறார்கள். ஆகவே இந்த வாதம் நமக்கும் நெருக்கமானது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் படித்த, தொழில் தெரிந்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது; அந்தச் சட்டம் குடியுரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் பிறந்தது. வந்து இறங்கியவருக்கு அந்தக் கதவைத் திறக்கப் போராடியவர்கள் யார் என்று தெரியாமல் போவது எளிது. படம் ராஜாவைக் கேலிப்பொருளாக விட்டுவிடாமல் வாதத்தில் ஒரு தரப்பாக நடத்தியது நல்ல செய்கை.

குறையில்லாத படம் என்று சொல்ல மாட்டேன். கணவன் மனைவிச் சண்டையொன்று தேவைக்கு மேல் நீள்கிறது. அந்த நேரம் ஜேலனுக்குப் போயிருக்க வேண்டும். ஆலைகள், வீட்டுக்கடன், மூடிய பள்ளிகள் பற்றி எடியைப் போன்ற ஒரு பெரியவர் கடையில் பத்து நிமிடம் பேசியிருக்கலாம். முதல் பாகத்தின் எடி பேசியிருப்பார். அது இல்லாததால், வன்முறை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தந்தைமார் கண்டிப்பிலும் இளைஞர் மனமாற்றத்திலும் போய் முடங்குகிறது. ஊர் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அழைப்பு நல்லதுதான். ஊரைக் கெடுத்தவர்களின் கணக்கையும் கூடவே சொல்லியிருந்தால் அழைப்பு இன்னும் வலுவாக ஒலித்திருக்கும்.

கால்வின் கடைசியில் இருப்பது என்று முடிவெடுக்கிறான். படம் அதைக் கொண்டாடுகிறது. ஆனால் நகரத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1980இல் சிகாகோவின் கறுப்பின மக்கள் சுமார் 12 லட்சம். 2020இல் 8 லட்சத்துக்கும் குறைவு. 2000 முதல் 2010 வரையிலான பத்தாண்டுகளில் மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் குறைந்தார்கள். பலர் புறநகர்களுக்கும் இந்தியானாவுக்கும் போனார்கள்; வேறு பலர் பாட்டன்மார் தப்பி வந்த தெற்கு மாநிலங்களுக்கே திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களை ஈர்த்த பெரு நகரங்களுள் அட்லாண்டா முதன்மையானது. முதல் பாகம் சிகாகோவில் எடுக்கப்பட்டது; மூன்றாம் பாகத்தின் பெரும்பகுதி, ஜார்ஜியா மாநிலம் திரைப்படங்களுக்குத் தரும் வரிச்சலுகைக்காக, அட்லாண்டாவில் எடுக்கப்பட்டது. இங்கேயே இருப்போம் என்று சொல்லும் படத்தையும் பணம் அங்கேதான் அழைத்துச் சென்றது. போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் எவரும் சொல்ல மாட்டார்கள். போவதற்கு வசதியுள்ள கடைக்காரர், ஆசிரியர், செவிலியர் ஒவ்வொருவராகப் போகும்போது, போக முடியாதவர்களுக்கு மிஞ்சும் தெரு இன்னும் மெலிகிறது. கால்வினின் முடிவு மதிப்புப் பெறுவது இதனால்தான். ஒரு தனி மனிதனின் மன உறுதியைக் கொண்டு அந்தக் கணக்கை மாற்ற முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

முடிதிருத்தும் கடையால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இதயநோய் மருத்துவர் ரொனால்ட் விக்டர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 52 முடிதிருத்தும் கடைகளில், உயர் ரத்த அழுத்தம் கொண்ட 319 கறுப்பின வாடிக்கையாளர்களிடம் அது நடத்தப்பட்டு 2018இல் வெளியானது. சில கடைகளில் முடிதிருத்துநர்கள் உணவு, உடற்பயிற்சி பற்றி எடுத்துச் சொல்லி மருத்துவரைப் பார்க்கும்படி வற்புறுத்தினார்கள். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. மற்றக் கடைகளில் மருந்தாளுநர்களே கடைக்கு வந்து, அங்கேயே அழுத்தம் பார்த்து, மருத்துவர்களின் இசைவோடு மருந்து கொடுத்தார்கள். அங்கே 27 புள்ளி இறங்கியது. இரண்டிலும் கடை ஒன்று, நாற்காலி ஒன்று, நம்பிக்கை ஒன்று. வேறுபாடு, வெளியிலிருந்து உள்ளே வந்த மருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்த ஆளும்.

கால்வினின் கடையில் நம்பிக்கை என்ற முதல் பாதி முழுமையாக இருக்கிறது. இரண்டாவது பாதியைக் கொண்டுவர வேண்டியது நகரமும் மாநிலமும். சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலத்தில் வரவுசெலவுத் திட்ட இழுபறி தொடங்கிய 2015ஆம் ஆண்டில், ஸ்லட்கினின் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த மாநில நிதி நின்றுபோனது. சிகாகோவின் பெரும்பாலான பகுதிகளில் அந்தச் சமரசப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். படம் திரைக்கு வந்த 2016 ஏப்ரலில் இழுபறி தீர்ந்திருக்கவில்லை; மாநிலத்துக்கு முழுமையான வரவுசெலவுத் திட்டம் கிடைத்தது 2017 ஜூலையில்.